கேலரியிலிருந்து கோல் வரை: ஹாக்கி பார்க்க பைனாகுலர் வாங்குவது எப்படி?

செங்கோட்டையிலிருந்து கிழக்கே போனால் கோவில்பட்டி, மேற்கே மலையைத் தாண்டினால் கொல்லம். இரண்டு பக்கமும் ஹாக்கி. கோவில்பட்டிக்கு ஹாக்கிப்பட்டி என்றே ஒரு பேர் உண்டு. அங்கே லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாடு முழுவதிலுமிருந்து அணிகள் வரும். கொல்லத்தில் ஆசிராமம் பக்கம் டர்ஃப் போட்ட ஸ்டேடியம் இருக்கிறது. 2018-இல் புனலூர் வழி அகலப்பாதை முழுதாகத் திறந்ததிலிருந்து ரயிலேறினால் போதும். ஆரியங்காவு, பதிமூன்று கண் பாலம், தென்மலை என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே கொல்லம் போய்விடலாம். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்தபோது, அதுவரை ஹாக்கி மட்டையைத் தொட்டே பார்க்காத சொந்தக்காரர்கள்கூட என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: "அண்ணாச்சி, அந்த பைனாகுலரைக் கொஞ்சம் தாரீங்களா?"

இரவல் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் வாங்கியதில் செய்த தப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதல் பைனாகுலரை குற்றால சீசன் சமயத்தில் தெருவோரக் கடை ஒன்றில் வாங்கினேன். மேலே பெரிதாக 50×50 என்று போட்டிருந்தது. முன் கண்ணாடி மாதுளை முத்து நிறத்தில் பளபளத்தது. கடைக்காரர் எதிர்மலையைக் காட்டினார், மலை கிட்டே வந்தது, காசு கை மாறியது. அதை மாட்டிக்கொண்டு கொல்லத்துக்கு ஒரு மேட்ச் பார்க்கப் போனேன். பக்கத்தில் ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் விசிலிலிருந்தே கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்தார். பெனால்டி கார்னர் (தடுக்கிற அணி தப்பு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) வந்ததும் "ஒண்ணு தா மோனே" என்று வாங்கிக் கண்ணில் வைத்தார். இரண்டு நொடியில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்: "இதுல ஆளோட மூக்கு தெரியுது. கோல் எங்க இருக்கு?"

அந்தக் கேள்விதான் இந்த வழிகாட்டி முழுக்க. ஹாக்கிக்கு வேண்டியது கிட்டே இழுக்கிற பைனாகுலர் அல்ல, அகலமாகக் காட்டுகிற பைனாகுலர்.

முதலில் உங்கள் இடத்தை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு சின்னக் கணக்கு. ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். நடுக்கோட்டுக்கு நேராக, பக்கக்கோட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோலும் உங்களிடமிருந்து சுமார் 60 மீட்டர். அதே கேலரியின் ஒரு கோடியில் இடம் கிடைத்தால் எதிர்க்கோடிக் கோல் ஏறக்குறைய 100 மீட்டர், தூரத்து மூலைக்கொடி 110-ஐத் தாண்டும். பெரிய ஸ்டேடியத்தில் மேல் அடுக்கு என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆக, நீங்கள் பார்க்கப் போவதெல்லாம் 60 முதல் 120 மீட்டருக்குள். கிரிக்கெட் பார்க்கிறவர் சொல்லும் ஆலோசனை இங்கே பொருந்தாததற்கு இதுதான் காரணம். அங்கே பிட்ச்சே எழுபது எண்பது மீட்டர் தள்ளி இருக்கும், பேட்ஸ்மேனும் ஒரே இடத்தில் நிற்பார். 10 மடங்கு, 12 மடங்கு வைத்துக்கொண்டு ஓவர் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஹாக்கியில் யாரும் நிற்பதில்லை.

பைனாகுலர் மேல் இருக்கும் எண்களில் முதலாவது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 8×42 என்றால் எட்டு மடங்கு, 42 மி.மீ. 60 மீட்டரில் இருக்கிற கோல்கீப்பர், எட்டு மடங்கில் ஏழரை மீட்டரில் நிற்பதுபோலத் தெரிவார். திண்ணையில் இருந்துகொண்டு எதிர்வீட்டு வாசலில் நிற்கிறவரைப் பார்ப்பது மாதிரி. முகம், சட்டை எண், கால் பேட் வாரை இழுத்துக் கட்டுவது எல்லாம் தெரியும். பத்து மடங்கில் ஆறு மீட்டர். இந்த ஒன்றரை மீட்டர் லாபத்துக்காக நாம் இழப்பது என்ன என்று பார்ப்போம்.

அகலம்: இங்கேதான் நிதானமாக நில்லுங்கள்

பைனாகுலருக்குள் தெரியும் வட்டத்தின் அகலத்தை ஃபீல்ட் ஆஃப் வியூ என்பார்கள். பெட்டியிலோ உடம்பிலோ மூன்று விதமாக எழுதியிருக்கும்: டிகிரியில், 1000 மீட்டரில் எத்தனை மீட்டர் என்று, அல்லது 1000 கஜத்தில் எத்தனை அடி என்று. ஒரு டிகிரி என்பது 1000 மீட்டரில் பதினேழரை மீட்டர். அடிக்கணக்கில் கொடுத்திருந்தால் 52.5-ஆல் வகுத்தால் டிகிரி வந்துவிடும். 420 அடி என்றால் 8 டிகிரி.

நல்ல 8×42 ஒன்றில் ஏழரை முதல் எட்டு டிகிரிவரை கிடைக்கும். 60 மீட்டரில் எட்டு டிகிரி என்பது சுமார் 8.4 மீட்டர் அகலம். கோலின் அகலம் 3.66 மீட்டர். கோல், அதற்கு இருபக்கமும் இரண்டிரண்டு மீட்டர், எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். சாதாரண 10 மடங்கு பைனாகுலரில் ஆறு டிகிரிதான் இருக்கும். 60 மீட்டரில் 6.3 மீட்டர். கோல் தெரியும், பக்கவாட்டில் ஓடி வருகிறவர் தெரியமாட்டார். அவர்தான் கோல் போடப் போகிறவர்.

இதைக் காசு செலவழிக்காமலே சோதிக்கலாம். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். அந்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. அடுத்த முறை மைதானத்துக்குப் போகும்போது உங்கள் இடத்திலிருந்து தூரத்துக் கோலை முஷ்டியால் மறைத்துப் பாருங்கள். முஷ்டி மறைப்பதைவிடக் கொஞ்சம் குறைவுதான் 8 டிகிரி. முஷ்டியில் பாதிக்கு மேல் கொஞ்சம், அதுதான் 6 டிகிரி. அந்த வட்டத்துக்குள் ஆட்டத்தைத் தொடர முடியுமா என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

பெனால்டி கார்னரை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தைத் தள்ளிவிடுகிறவர் பின்கோட்டில், கோல்கம்பத்திலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நிற்பார். தடுக்கிறவர்கள் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர், கோட்டுக்குப் பின்னால். தாக்குகிறவர்கள் கோல்கம்பத்திலிருந்து 14.63 மீட்டரில் வளைந்து போகும் வட்டக்கோட்டுக்கு வெளியே. இத்தனையும் ஒரே பார்வையில் அடங்குகிற பைனாகுலர் கிடையாது. எனவே யாரைப் பார்ப்பது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் செய்வது இது: எல்லோரும் வரிசையில் நிற்கும் அந்த அரை நிமிடம் பைனாகுலர் என் கண்ணில் இருக்கும். யார் முகமூடி மாட்டுகிறார், கம்பத்தோரம் யார், முதலில் பாயப் போகிறவர் யார், கோல்கீப்பர் கையைக் காட்டி என்ன சொல்கிறார் என்று பார்த்துவைத்துக்கொள்வேன். பந்து தள்ளப்பட்டதும் பைனாகுலரை இறக்கிவிடுவேன். டிராக் ஃபிளிக், அதாவது பந்தை மட்டையால் இழுத்துக் கோலுக்கு வீசுவது, வெறும் கண்ணுக்கே சரி. இல்லை, கோல்கீப்பரின் தடுப்புதான் பிடிக்கும் என்றால், அவர் மேலேயே நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். பந்து தானாக அவரிடம் வரும்.

பந்தைப் பைனாகுலரில் துரத்த மட்டும் முயலாதீர்கள். சுற்றளவு 23 சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கிற ஒரு உருண்டை, பத்துப் பதினைந்து மீட்டர் பாஸ் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். துரத்தினால் உங்களுக்குத் தலைசுற்றல்தான் மிச்சம்.

குலுக்கலும் கேலரியும்

மடங்கு கூடக் கூட உங்கள் கை நடுக்கமும் அதே மடங்கில் கூடும். எட்டு மடங்குவரை பெரும்பாலானோர் கையிலேயே அசையாமல் பிடித்துவிடலாம். பத்து மடங்கு, முழங்கையை எதிலாவது ஊன்றினால் சமாளிக்கும். பன்னிரண்டுக்கு மேல் ஸ்டாண்ட் வேண்டும், கேலரியில் ஸ்டாண்ட் விரிக்க எவரும் விடமாட்டார்கள்.

நம் ஊர்ப் போட்டிகளில் இன்னொன்றும் உண்டு. சவுக்குக் கட்டையோ இரும்புக் குழாயோ கட்டிய தற்காலிக கேலரி. கோல் விழுந்தால் நாற்பது பேர் ஒன்றாகக் குதிப்பார்கள், பலகை அதிரும். என் கை எவ்வளவு உறுதியாக இருந்தென்ன, உட்கார்ந்திருக்கும் பலகை ஆடுகிறதே!

கை நடுக்கத்தை மின்கலத்தில் ஓடும் கருவி சரிசெய்யும் வகை பைனாகுலர்கள் இருக்கின்றன. கேனன் நிறுவனத்தின் 10×30 போன்றவை. அருமையான சாமான். விலையைக் கேட்டால் மேட்ச்சையே மறந்துவிடுவோம். வயதானவர், கை நடுக்கம் உள்ளவர், பணம் ஒரு பொருட்டில்லை என்றால் வாங்கலாம். மற்றவர்களுக்கு 7 அல்லது 8 மடங்கு போதும்.

வெளிச்சம்: பகல் மேட்ச்சா, ஃப்ளட்லைட்டா?

பைனாகுலரைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைப் பார்த்தால் இரண்டு சின்ன ஒளிவட்டங்கள் தெரியும். எக்ஸிட் பியூப்பில் என்பது அதுதான். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் அதன் அளவு. 8×42-க்கு 5.25 மி.மீ., 8×32-க்கு 4 மி.மீ., 10×25 என்கிற சட்டைப்பைக் குட்டிக்கு 2.5 மி.மீ.

இதை நம் கண்ணின் பாவையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நடுப்பகலில் பாவை இரண்டு மூன்று மி.மீ.க்குச் சுருங்கிவிடும், அப்போது குட்டி பைனாகுலரும் வெளிச்சமாகத்தான் தெரியும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், விளக்கு போட்டும் போடாமலும் ஒரு மங்கல் நேரம் வருமே, அப்போதுதான் குட்டியின் சாயம் வெளுக்கும். நல்ல ஃப்ளட்லைட் உள்ள சர்வதேச மைதானத்தில் இரவு மேட்ச்சுக்கு 4 மி.மீ. ஒளிவட்டம் தாராளம். ஊர்ப் போட்டியில் நான்கு கம்பத்தில் இரண்டு விளக்கு எரியாமல் இருக்கிற இடத்தில் 5 மி.மீ. கை கொடுக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒளிவட்டம் பெரிதாக இருந்தால் கண்ணைக் கொஞ்சம் அப்படி இப்படி வைத்தாலும் படம் கறுத்துப்போகாது. எழுந்து நிற்கிறோம், உட்காருகிறோம், முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறோம். குட்டி பைனாகுலரில் ஒவ்வொரு முறையும் கண்ணைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவதற்குள் ஃப்ரீ ஹிட் முடிந்துவிடும்.

அதற்காக 50 மி.மீ.க்குப் போக வேண்டியதில்லை. வயது ஐம்பதைத் தாண்டினால் பலருக்கும் பாவை இருட்டில்கூட 5 மி.மீ. சுமாருக்குத்தான் விரியும், 7×50-இன் 7 மி.மீ. ஒளிவட்டத்தில் பாதி வீண். அப்புறம் எடை. 10×50 ஒன்று எண்ணூறு கிராமிலிருந்து ஒரு கிலோவரை வரும். நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம், இடைவேளை வேறு. ஒன்றரை மணி நேரம் கழுத்தில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்து பாருங்கள்.

என் தேர்வு: 8×42, அல்லது எடை குறைவாக வேண்டும் என்றால் 8×32 அல்லது 8×30. எப்போதும் மேல் அடுக்கில், கோடியில்தான் இடம் கிடைக்கும் என்கிறவர் 10×42 யோசிக்கலாம், ஆனால் அகலம் ஆறரை டிகிரிக்குக் குறையக்கூடாது.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு

என் மருமகன் சோடா புட்டிக் கண்ணாடி. என் பைனாகுலரில் பார்த்துவிட்டு "மாமா, குழாய்க்குள்ள பாக்குற மாதிரி இருக்கு" என்றான். குறை அவனிடமில்லை. கண்ணுக்கும் பைனாகுலரின் பின் லென்ஸுக்கும் இடையே எவ்வளவு தூரம் விட்டால் முழு வட்டமும் தெரியும் என்பதற்கு ஐ ரிலீஃப் என்று ஒரு அளவு உண்டு. கண்ணாடி போடுகிறவருக்கு இது 15 மி.மீ.யாவது வேண்டும், 17 என்றால் நிம்மதி. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் 11, 12 தான். அதில் எட்டு டிகிரி அகலம் என்று எழுதியிருந்தாலும் மருமகனுக்குக் கிடைப்பது ஐந்தோ ஆறோதான்.

கண் வைக்கும் ரப்பர் கிண்ணத்தைக் கண்ணாடிக்காரர்கள் கீழே இறக்கிவிட வேண்டும். திருகி இறக்குவது, மடக்கிவிடுவது என்று இரண்டு விதம். கண்ணாடி இல்லாதவர்கள் மேலே ஏற்றிவிட வேண்டும். இது தெரியாமலே "படம் கறுப்பாத் தெரியுது" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் சக்கரத்திலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் பைனாகுலரை இறக்கியதும் மைதானம் மங்கலாகிவிடும், மறுபடி கண்ணாடியைத் தேட வேண்டும். சிலிண்டர் பவர் அதிகம் என்றால் கழற்றவே கூடாது.

பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் இன்னொன்றைப் பாருங்கள். 42 மி.மீ. மாடல்கள் பலவும் இரு கண் இடைவெளி 56 மி.மீ.க்குக் கீழே மடங்காது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு அகலம் இருக்காது, ஒரு கண்ணில்தான் பார்க்கும். நடுவில் இரண்டு கீல் உள்ள குட்டி மாடல் அவர்களுக்குப் பொருந்தும்.

உள்ளே இருக்கும் கண்ணாடி

தலைகீழாக விழும் படத்தை நேராக்கும் கண்ணாடிக் கட்டிதான் பிரிசம். அது இரண்டு வகை. போரோ என்பது பழைய பாணி, தோள்பட்டை விரிந்த உருவம். ரூஃப் என்பது இரண்டு நேர்க் குழாய்கள். ஒரே விலையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால், பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே போரோதான் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும், ஆழமும் கூடுதலாகப் புலப்படும். ஆனால் கொஞ்சம் பருமன், தண்ணீர் புகாத மாடல் அதில் குறைவு. நைக்கான் ஆகுலான், ஒலிம்பஸ் 8×40 போன்றவை இந்தப் போரோ ரகம். கையில் அடக்கமாக, மழைக்கு அஞ்சாமல் வேண்டும் என்றால் ரூஃப், ஆனால் அதில் நல்லது வேண்டுமென்றால் பத்தாயிரத்தைத் தாண்ட வேண்டியிருக்கும்.

பிரிசக் கண்ணாடி பேக்-4 என்று இருந்தால் நல்லது. பிகே-7 என்பது அதற்கு ஒரு படி கீழே. ஒளிவட்டத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: நல்ல வட்டமாக இருந்தால் பேக்-4, ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால் பிகே-7. பூச்சைப் பொறுத்தவரை "ஃபுல்லி மல்டி கோட்டட்" என்ற மூன்று சொல்லும் இருக்க வேண்டும். வெறும் "கோட்டட்" என்றால் ஏதோ ஒரு பரப்பில் பூசியிருப்பார்கள். ஃப்ளட்லைட் பக்கம் திருப்பும்போது இந்த வித்தியாசம் கண்ணைக் குத்தும்.

வாங்கவே கூடாதவை

சிவப்புக் கண்ணாடி முதல் குற்றவாளி. அந்தப் பூச்சு சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதால் உள்ளே எல்லாம் பச்சையும் நீலமுமாகத் தெரியும். சிவப்புச் சட்டை அணி அழுக்குச் சட்டை அணியாகிவிடும்.

அடுத்து, 8-24, 10-30 என்று கோடு போட்டு எழுதியிருக்கும் ஜூம் வகை. அகலம் ரொம்பக் குறைவு, இரண்டு குழாயும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போகும். ஃபோகஸ் சக்கரமே இல்லாத வகையும் வேண்டாம்.

மூன்றாவது, நான் வாங்கிய 50×50 குடும்பம். சந்தேகம் வந்த அன்று ஸ்கேலை எடுத்து அளந்தேன். முன் லென்ஸ் 50 மி.மீ. சரிதான். பின்னால் ஒளிவட்டம் ஆறு மி.மீ.க்கு மேல் இருந்தது. 50-ஐ ஆறால் வகுத்தால் எட்டு! உண்மையிலேயே ஐம்பது மடங்கு என்றால் ஒளிவட்டம் ஒரு மி.மீ. தான் இருக்க வேண்டும். உள்ளே தடுப்பு வைத்து லென்ஸின் ஓரத்தை மறைத்திருந்தால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போகும், ஐம்பதுக்கு மட்டும் போகாது. எட்டு மடங்குதானே, அப்புறம் ஏன் கோல் தெரியவில்லை என்று கேட்பீர்கள். அகலம் மூன்றரை டிகிரிகூட இல்லை. ஒரு முஷ்டியில் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பெரியவர் மூக்கைப் பார்த்தது அதனால்தான்.

கடையில் ஐந்து நிமிடச் சோதனை

தென்காசியிலோ திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ கடைக்கு நேரில் போக முடிந்தால் போங்கள். கடைக்குள்ளேயே பார்த்துத் திருப்திப்படாமல் வாசலுக்கு எடுத்து வாருங்கள்.

தெருவின் எதிரே, ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி ஒரு பெயர்ப் பலகையைப் பாருங்கள். நடுவில் எழுத்து கூர்மையாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. அடுத்து மின்கம்பியைப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்க, கம்பி ஒன்றாகத் தெரிய வேண்டும். இரண்டாகப் பிரிந்து ஒன்றின் மேல் ஒன்று தெரிந்தாலோ, ஒரு நிமிடத்தில் நெற்றிப்பொட்டு வலித்தாலோ குழாய்கள் நேராக இல்லை என்று பொருள். அதை வைத்துவிட்டு வேறு ஒன்றைக் கேளுங்கள். அதே மாடலில் இன்னொன்று சரியாக இருக்கலாம்.

வானத்தை ஒட்டித் தெரியும் தென்னோலையின் ஓரத்தில் ஊதா நிறம் கசிகிறதா பாருங்கள். கொஞ்சம் கசிந்தால் சரி. பிறகு கடையின் விளக்கை வட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, பேய் மாதிரி வெள்ளைத் திட்டுகள் மிதக்கின்றனவா பாருங்கள். இது ஃப்ளட்லைட்டுக்கான ஒத்திகை. சூரியன் பக்கம் மட்டும் ஒரு கணமும் திருப்பாதீர்கள், பார்வை போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது இதை முதலில் சொல்லுங்கள்.

ஃபோகஸ் சக்கரத்தைச் சுற்றும்போது தடங்கலில்லாமல், ஆட்டமில்லாமல் சுற்ற வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் இந்தச் சோதனை அத்தனையையும் வீட்டு மாடியில் செய்து பாருங்கள், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள்.

விலை? ஹாக்கிக்கு என்று மட்டும் வாங்கினால் ஆறேழாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் போடும் காசு பறவை பார்க்கிறவர்களுக்குப் பயன்படும். நமக்கு அந்த நுணுக்கம் கேலரிக் கூச்சலில் கரைந்துவிடும். வீட்டில் கேள்வி வந்தால், தென்மலை அணைப் பக்கம் பறவை பார்க்கவும் ஆகும் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் சொன்னேன்.

உங்கள் கண்ணுக்குப் பொருத்துவது

இதைச் செய்யாமல் பார்ப்பவர்கள்தான் அதிகம். மைதானத்துக்கு அரை மணி முன்னதாகப் போய், வார்ம்-அப் நடக்கும்போது செய்துவிடுங்கள். முதலில் நடுக்கீலை மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்துங்கள். தூரத்துக் கோலின் வலையைக் குறிவையுங்கள். வலக்கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்கு வலைக்கண்கள் கூர்மையாகும்வரை திருப்புங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்கிண்ணத்துக்குக் கீழே இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் எந்தக் குறியில் நிற்கிறது என்று நினைவில் வையுங்கள். இரவல் போய் வந்தால் அது கட்டாயம் மாறியிருக்கும்.

எட்டு மடங்கில் ஒருமுறை தூரத்துக் கோலுக்கு ஃபோகஸ் வைத்தால் நடு மைதானத்துக்குச் சக்கரத்தைத் துளி அசைத்தால் போதும். பத்து மடங்கில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும், அடிக்கடி திருக வேண்டியிருக்கும். எட்டைச் சொல்ல இது இன்னொரு காரணம்.

ஆட்டத்தின்போது

பார்க்க வேண்டியவரை முதலில் வெறும் கண்ணால் பிடியுங்கள். பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பைனாகுலரை வைத்துக்கொண்டு ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார். முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள், அல்லது உட்கார்ந்து முட்டியில் ஊன்றுங்கள். தொப்பி போட்டிருந்தால் அதன் விளிம்பையும் பைனாகுலரையும் சேர்த்துப் பிடிப்பது நல்ல வித்தை, நடுக்கம் பாதியாகக் குறையும்.

ஓடும் ஆட்டத்தை வெறும் கண்ணால் பாருங்கள். ஆட்டம் நிற்கும் இடங்களில் பைனாகுலர்: பெனால்டி கார்னர் வரிசை, வீடியோ ரெஃபரலுக்கு அம்பயர் கைகாட்டும்போது, அட்டை காட்டும்போது, பந்து மறுபுறம் இருக்கையில் தனியே நிற்கும் கோல்கீப்பரிடம். கேரளத்துக்காரர்களுக்கு கோல்கீப்பரைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் வெண்கலத்தில் இருந்த கண்ணூர்க்காரர் மானுவல் ஃபிரடெரிக், டோக்கியோவிலும் பாரீஸிலும் வெண்கலம் வாங்கிய ஸ்ரீஜேஷ், இருவரும் கோல்கீப்பர்கள்தான். ஸ்ரீஜேஷ் மாதிரி ஒருவர் ஆட்டம் முழுக்கப் பின்னாலிருந்து தடுப்பாட்டக்காரர்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதை டிவி காட்டாது, பைனாகுலர் காட்டும்.

எல்லாவற்றையும் விட, ஆட்டம் சமனில் முடிந்தால் வெற்றியை முடிவு செய்யும் ஷூட்-அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவர், எதிரே கோல்கீப்பர், எட்டு நொடி. நெருங்க நெருங்க இருவரும் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுவார்கள். வாங்கிய காசு முழுவதும் அந்த எட்டு நொடியில் வசூலாகிவிடும்.

பெரிய போட்டி என்றால் எதையெல்லாம் உள்ளே விடுவார்கள் என்று டிக்கெட்டோடு வரும் விதிகளைப் படித்துவிட்டுப் போங்கள். பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டு போவது வாசலில் வாக்குவாதத்தைக் குறைக்கும்.

சாரலும் பூஞ்சையும்

நம் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை. ஜூனில் தொடங்கும் சாரல், மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பருவமழை. லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர இதுவே போதும். நைட்ரஜன் நிரப்பி மூடிய, தண்ணீர் புகாத மாடலுக்கு இந்தப் பயம் குறைவு. மற்றவற்றை, கூட வரும் துணிப்பையில் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று. அரிசி போடலாமே என்பார்கள். அரிசித் தூசி சக்கரத்துக்குள் போகும், வேண்டாம். பூஞ்சை வந்துவிட்டால் திருகாணியைக் கழற்றப் பார்க்காதீர்கள், பிரிசம் நகர்ந்தால் மின்கம்பி இரண்டாகிவிடும்.

லென்ஸைத் துடைக்கும்போது முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதுங்கள், பிறகுதான் துணி. வேட்டி நுனியால் துடைக்கிற பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு, மணல் துகள் ஒன்று இருந்தால் பூச்சில் கீறல் விழும்.

கடைசியாக வார். கம்பெனி கொடுக்கும் மெல்லிய வார் கழுத்தை அறுக்கும், அகலமானதாக மாற்றிவிடுங்கள். பழைய 50×50 இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதில் உருப்படியாக இருந்தது அந்த அகல வார் ஒன்றுதான். அதைக் கழற்றி இப்போதைய 8×42-இல் மாட்டியிருக்கிறேன்.